ஒரே வாதம், இரண்டு கரைகள்

1620ல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறப் போனவர்களின் மேஃப்ளவர் கப்பல் என்றாலே, மதத்துக்காக ஊரைத் துறந்து வந்த பக்தர்கள் என்றுதான் நமக்குத் தோன்றும், இல்லையா? அந்தக் கப்பலில் வேறு கணக்கோடு ஏறியவர்களும் நிறைய. அவர்களில் ஸ்டீபன் ஹாப்கின்ஸ் என்பவரைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

1609ல் மனைவி மக்களை இங்கிலாந்தில் விட்டுவிட்டு, வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனுக்குக் கப்பல் ஏறினார். கப்பல் புயலில் சிக்கி பெர்முடாவில் தட்டி நின்றது. சுமார் 150 பேரும் உயிரோடு கரையேறினார்கள், மீன், ஆமை, காட்டுப்பன்றி என்று சாப்பாட்டுக்கும் பஞ்சமில்லை. அதே கப்பலில் வந்த வர்ஜீனியா கவர்னரோ புதிதாகக் கப்பல் கட்டியாவது ஜேம்ஸ்டவுனுக்குப் போயே தீரவேண்டும் என்கிறார். ஹாப்கின்ஸ் ஒரு சட்டப் பிடி பிடித்தார்: கப்பல் உடைந்ததுமே உங்கள் அதிகாரமும் போச்சு, இனி யாரும் யாருக்கும் கட்டுப்பட வேண்டியதில்லை. கலகம் என்று மரண தண்டனை விதித்தார்கள். அப்புறம் பெண்டாட்டி பிள்ளைகளைச் சொல்லி அவர் அழுத அழுகையில், அவருக்காக மற்றவர்களும் பரிந்து பேச, மன்னிப்பு கிடைத்தது.

சரி, ஊர் திரும்பினார். முதல் மனைவி அதற்குள் இறந்துபோயிருந்தார். 1620ல் இரண்டாம் மனைவி எலிசபெத், பிள்ளைகள், இரண்டு வேலைக்காரர்கள் என்று குடும்பத்தோடு மேஃப்ளவரில் ஏறினார், எலிசபெத் நிறைமாதம், நடுக்கடலில் பிறந்த பையனுக்கு ஓஷியானஸ் என்று பெயர். அனுமதி வாங்கியது வர்ஜீனியா எல்லைக்கு, கப்பல் போய்ச் சேர்ந்ததோ அந்த எல்லைக்கு வெளியே, வடக்கே இருக்கும் கேப் காட். உடனே சிலர், இங்கே எங்களை அதிகாரம் பண்ண யாருக்கும் உரிமையில்லை என்று கிளம்பினார்கள். யார் என்று பெயர் எழுதிவைக்கவில்லை, எனக்கு ஒருவர் மேல்தான் சந்தேகம்! அந்த முணுமுணுப்பை அடக்கத்தான், நாமே சட்டம் போட்டு அதற்குக் கட்டுப்படுவோம் என்று 41 ஆண்கள் கையெழுத்திட்ட மேஃப்ளவர் ஒப்பந்தம் வந்தது. ஹாப்கின்ஸும் போட்டார்.

முதல் குளிர்காலத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் செத்துப்போக, இவர் வீட்டில் ஒருவரும் சாகவில்லை. 1621ல் பழங்குடித் தலைவர் மாசசாய்ட்டைப் பார்க்கப் போன இருவரில் இவர் ஒருவர். கவர்னரின் உதவியாளராகவும் இருந்தார். பிறகு அவர்கள் குடியேறிய பிளிமத்தில் மதுக்கடை. ஞாயிற்றுக்கிழமை குடிக்கவிட்டதாக ஒரு வழக்கு, பக்கத்துக் குடியேற்றத்தில் 9 பென்ஸுக்குக் கிடைக்கும் முகம் பார்க்கும் கண்ணாடியை 16 பென்ஸுக்கு விற்றதாக இன்னொன்று.

இதெல்லாம் சிரிக்கலாம். 1639ல் நடந்தது அப்படியில்லை. அவர் வீட்டு வேலைக்காரப் பெண் டோரதி டெம்பிள் கர்ப்பமானாள், காரணமானவன் கொலைக் குற்றத்தில் தூக்கில் போனவன். அவளுடைய வேலை ஒப்பந்தக் காலம் முடியும்வரை அவளையும் குழந்தையையும் காப்பாற்றுவது உன் பொறுப்பு என்றது நீதிமன்றம். மறுத்துக் காவலில் இருந்தார், கடைசியில் 3 பவுண்டு கொடுத்து வேறொருவர் தலையில் கட்டிவிட்டார். டோரதிக்கு இரண்டு முறை சவுக்கடி என்று தீர்ப்பு. முதல் முறையிலேயே அவள் மயங்கி விழ, இரண்டாவதை நிறுத்திவிட்டார்கள்.