டிக்கெட் இல்லாத படம்: கொழும்பில் விவரணப்படம் பார்ப்பதும் காட்டுவதும்

[காட்சி: காலி வீதி, மாலை ஆறு மணி. வெள்ளவத்தையில் 100 ஆம் இலக்க பஸ் நிற்கிறது.]

வணக்கம். கொழும்பில் ஐந்து சதம் கொடுக்காமல் நல்ல விவரணப்படம், அதாவது உண்மை வாழ்க்கையைக் காட்டும் ஆவணப்படம், பார்க்கலாம் என்றால் இன்னும் பலர் நம்புவதில்லை. "சும்மா காட்டுறாங்கள் எண்டா ஏதாவது விக்கத்தான் இருக்கும்" என்று என் மாமாவே சொன்னார். விற்க ஒன்றும் இல்லை, மாமா. நுழைவு இலவசம், நேரத்துக்குப் போனால் கதிரை கிடைக்கும்.

எங்கே என்றால், கொழும்பு 7 என்ற பகுதியைச் சுற்றித்தான் அதிகம். கிரெகரி வீதியில் ஜெர்மன் கலாசார நிலையம், பார்ன்ஸ் பிளேசில் அலியான்ஸ் பிரான்சேஸ், சுதந்திர அவெனியூவில் ரஷ்ய கலாசார நிலையம். பௌத்தாலோக மாவத்தையில் திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் தரங்கனி அரங்கு. இவர்களுடைய முகநூல் பக்கங்களைப் பின்தொடர்ந்தாலே போதும். சில நிகழ்வுகளுக்கு முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும், அதை மட்டும் கவனியுங்கள்.

[காட்சி: கறுப்பு வெள்ளைப் படச்சுருள்.]

இந்த நாட்டில் விவரணப்படத்துக்கு வயது அதிகம். இலங்கையைப் பற்றி உலகம் இன்றும் பேசுகிற 'சோங் ஒஃப் சிலோன்' 1934இல் வந்தது. எடுத்தவர் பசில் ரைட், பணம் கொடுத்தது தேயிலைப் பிரசாரச் சபை. பிறகு 1948இல் அரசாங்கத் திரைப்படப் பிரிவு தொடங்கியது. பிறகு பேர்பெற்ற சிங்களத் திரைப்பட இயக்குநரான லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அங்கே வேலை செய்தார். மலேரியாவைப் பற்றி 1954இல் ஒரு விவரணப்படம் எடுத்தார்; அடுத்த வருடம் வேலையை விட்டார்; 1956இல் 'ரேகாவ' என்ற தன் முதல் கதைப்படத்தோடு வந்தார். அந்தப் படம் ஸ்டூடியோவை விட்டு ஊருக்குள் இறங்கியதே, அந்தத் துணிச்சலில் விவரணப்படப் பழக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

சரி, இலவசம் என்றால் யார் செலவு செய்கிறார்கள்? பெரும்பாலும் அந்தக் கலாசார நிலையமோ தூதரகமோ. மண்டபமும் மின்சாரமும் மட்டுமல்ல, படத்தின் உரிமைக்கும் பணம் போகிறது. இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் அதிகம் தவறுவது இங்கேதான். வீட்டில் காசு கட்டிப் பார்க்கிற படத்தை மண்டபத்தில் போட முடியாது. ஊரைக் கூட்டிக் காட்டுவது தனி உரிமை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அதைப் பதிப்புரிமையாளர் கையில்தான் வைத்திருக்கிறது. டிக்கெட் விற்கவில்லை என்பது அனுமதி ஆகாது. ஆனால் கேட்டுப் பாருங்கள். நம் நாட்டு இளம் இயக்குநர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால், பலர் சந்தோஷமாகச் சம்மதிக்கிறார்கள், தாங்களே வந்து முன்னால் நிற்கிறார்கள்.

இன்னொன்று தணிக்கைச் சபை. பொதுமக்களுக்குப் படம் காட்டுவதை 1912ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இன்றும் கட்டுப்படுத்துகிறது. சின்னக் கூட்டம்தானே என்று இருக்காமல் முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். இந்த மண்டபங்களில் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஆனால் படத்தின் அடியில் ஓடுகிற எழுத்து அனேகமாக ஆங்கிலம், சில நேரம் சிங்களம். ஆங்கிலம் வேகமாக வாசிக்க வராத தமிழ் அம்மா ஒருவருக்கு அந்தக் கதவு பாதிதான் திறந்திருக்கிறது. தமிழ் உபதலைப்பு வேண்டும். அதை நாமே செய்யலாம்.

[காட்சி: மடிக்கணினித் திரை, உபதலைப்புக் கோப்பு.]

ஒரு தடவைக்கு இரண்டு வரி, ஒரு வரியில் நாற்பது எழுத்துக்கு மேல் வேண்டாம். கண் வாசித்து முடிக்க நேரம் கொடுக்க வேண்டும். தமிழில் இது கஷ்டம், நம் சொற்கள் நீளம். "போயிருக்கமாட்டார்களென்று" ஒரு சொல்லே வரியில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும். ஆகவே சொன்னதையெல்லாம் எழுதாமல், சொன்னதன் உயிரை எழுத வேண்டும். எந்தத் தமிழ் என்பதும் முக்கியம். நீர்கொழும்பு மீனவர் ஒருவர் சிங்களப் பேச்சுவழக்கில், நம் "கடலுக்குப் போறன்" மாதிரி, ஒன்று சொல்கிறார் என்று வையுங்கள். கீழே "நான் கடலுக்குச் செல்கிறேன்" என்று போட்டால் மனிதர் வாத்தியாராகிவிடுகிறார். படத்தில் இருக்கிறவரின் வாய்க்கு ஏற்ற தமிழைத் தேடுங்கள்.

நாங்கள் முதல் முறை செய்தபோது நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மண்டபத்தில் படம் தொடங்கியது, எழுத்து வந்தது, கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகித் தனித்தனியாக நின்றன. "கொழும்பு" என்ற சொல்லையே வாசிக்க முடியவில்லை. முன்வரிசையில் ஒரு அம்மம்மா, "தம்பி, இது என்ன பாஷை?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த பள்ளிக்கூடப் பிள்ளை முழுப் படத்தையும் எழுத்துக் கூட்டி அவருக்கு வாசித்துக் கொடுத்தாள். அந்த மண்டபத்துக் கணினியின் மென்பொருளுக்குத் தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியவில்லை. இப்போது நாங்கள் எழுத்தைப் படத்தோடு சேர்த்தே பதிந்து கொண்டுபோகிறோம். முதல் நாளே அதே கணினியில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்கிறோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

கலாசார நிலையம்தான் வேண்டும் என்றில்லை. 1942இல் தொடங்கிய, இன்று வெள்ளவத்தையில் இருக்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கத்துக்கு மண்டபம் இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் மொட்டைமாடிகள் இருக்கின்றன. வெளியே காட்டுவதென்றால் ஆறரைக்கு முன் தொடங்காதீர்கள். இங்கே வருடம் முழுக்கச் சூரியன் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் மறைகிறது. படம் கொஞ்சம் மங்கினால் சனம் பொறுக்கும், சத்தம் தெளிவில்லை என்றால் எழும்பிப் போய்விடும். இருக்கிற காசை நல்ல ஸ்பீக்கரில் போடுங்கள்.

படம் முடிந்ததும் எல்லா லைட்டையும் ஒரேயடியாகப் போட வேண்டாம். பாதியைப் போட்டு, இஞ்சிப் பிளேன்டீ கொடுத்து, ஒரு நிமிடம் பேசாமல் இருங்கள். முதல் கேள்வியைத் தமிழில் கேட்க ஒருவருக்குச் சொல்லி வையுங்கள். அவர் கேட்டால்தான் பின்வரிசை வாய் திறக்கும்.

[காட்சி: மண்டபத்தின் பின்கதவு, அரை வெளிச்சம்.]

போன வருடம் தேயிலைத் தோட்டம், அங்கே தொழிலாளர் இருக்கும் லயம் என்ற வரிசை வீடுகள் பற்றிய ஒரு படம் காட்டினோம், தமிழ் எழுத்தோடு. கதைப்பதற்கு நேரம் ஒதுக்கியிருந்தோம், கொஞ்ச நேரம் ஒருவரும் எழும்பவில்லை. பிறகு கதவடியில் நின்ற காவலாளி கையைத் தூக்கினார். மலையகத்து மனிதர். "ஐயா, அந்த லயத்துல தண்ணி அப்படி நாள் பூரா வராதுங்க. காலைல ஒரு மணி நேரந்தான். எங்கம்மா நாலு மணிக்கே எந்திரிச்சுப் போயி வரிசையில நிப்பாங்க" என்றார். இயக்குநர் மைக்கை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். வழக்கமாக ஒன்பது மணிக்கு மண்டபத்தைப் பூட்டுகிறவர் அந்தக் காவலாளிதான். அன்று அவர் திறப்பை எடுத்தபோது ஒன்பதே முக்கால்.