யாருடைய சேர்வர், யாருடைய முகவரி

நேயர்களுக்கு வணக்கம்.

தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி இல்லாத குறை நம் மக்களுக்குப் பழையது. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வரும். அங்கிருந்து எப்போது கைக்கு வரும் என்பது அலுவலகத்தைப் பொறுத்தது. வட்ஸ்அப், வைபர் ஏற்பாடும் ஏறக்குறைய இப்படித்தான். டிக்கோயாவிலிருந்து பக்கத்து டிவிஷனுக்கு ஒரு வரி அனுப்பினாலும் அது அந்த நிறுவனத்தின் சேர்வருக்கு, அதாவது செய்திகளை வாங்கி உரியவருக்கு அனுப்பும் கணினிக்கு, போய்த்தான் வந்து சேரும். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் வன்முறை நடந்தபோது அரசாங்கம் இந்த இரண்டையும் பேஸ்புக்கையும் தடுத்தது. ஊரோடு ஊர் பேசும் வழியும் சேர்ந்தே அடைபட்டது.

மின்னஞ்சலில் இந்தச் சிக்கல் குறைவு. நீங்கள் ஒரு நிறுவனத்திடம் கணக்கு வைத்திருக்கலாம், நான் வேறொன்றிடம். இருந்தும் கடிதம் போகும். உடனடிச் செய்திக்கும் அதே ஏற்பாடு உண்டு. ஜெரமி மில்லர் 1999இல் ஜபர் என்ற பெயரில் வெளியிட்டது 2004இல் எக்ஸ்.எம்.பி.பி. என்ற இணையத் தரமானது. விதிமுறைகள் பொதுவில் இருக்கின்றன. யாரும் சேர்வர் எழுதலாம், செயலி எழுதலாம்.

ஒரு செய்தி எப்படிப் போகிறது என்று பார்ப்போம். ஹட்டனில் ஒரு பாடசாலையும் பதுளையில் ஒரு சங்கமும் தனித்தனி சேர்வர் வைத்திருப்பதாகக் கொள்ளுங்கள். முகவரி மின்னஞ்சல் போலவே இருக்கும்: பெயர், அட் குறி, டொமைன் என்னும் இணையப் பெயர். ஹட்டன் ஆசிரியையின் கைத்தொலைபேசி தன் சேர்வரோடு 5222ஆம் போர்ட்டில், அதாவது சேர்வரின் அந்த எண்ணுள்ள வாசலில், இணைந்து, பிறர் படிக்க முடியாதபடி மறைக்கும் டி.எல்.எஸ். குறியாக்கத்துக்குள் கடவுச்சொல்லைச் சரிபார்த்துக்கொள்கிறது. அவர் பதுளைக்கு எழுதியதும், ஹட்டன் சேர்வர் அட் குறிக்குப் பின்னால் இருப்பதை மட்டும் படிக்கிறது. அந்த டொமைனின் சேர்வர் எங்கே என்று இணையத்தின் பெயரேடான டி.என்.எஸ்.இல், சேவை எங்கே இருக்கிறது என்று சொல்லும் எஸ்.ஆர்.வி. பதிவைத் தேடி, வழமையாக 5269ஆம் போர்ட்டில் நேரே பதுளையைக் கூப்பிடுகிறது. பதுளை சேர்வர், "நீ உண்மையாகவே ஹட்டன் டொமைன்தானா?" என்பதை, டொமைன் யாருடையது என்று காட்டும் டிஜிட்டல் சான்றிதழைப் பார்த்து உறுதிசெய்த பிறகே செய்தியை ஏற்கும். ஆகவே அடுத்தவர் டொமைன் பெயரில் பொய்ச்செய்தி அனுப்புவது சுலபமல்ல. பெறுபவர் இணைப்பில் இல்லையென்றால் அவருடைய சேர்வரே செய்தியை வைத்திருக்கும். நடுவில் மூன்றாவது நிறுவனம் கிடையாது.

சேர்வர் அமைப்பவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் அந்த 5269தான். 5222ஐத் திறந்துவிட்டு இதை மறந்துவிடுவார்கள். உள்ளூர்க் கணக்குகள் ஒன்றோடொன்று அழகாகப் பேசும், வெளியூருக்கு மட்டும் எதுவும் போகாது. செயலியைக் குறைசொல்வதற்கு முன் ரவுட்டரையும், வெளித்தொடர்புகளைத் தடுக்கும் பயர்வோலையும் பாருங்கள். சிம் போட்ட 4ஜி ரவுட்டருக்குப் பின்னால் சேர்வர் வைத்தால் இன்னொரு தொல்லை: அதற்குப் பெரும்பாலும் பொது ஐ.பி. முகவரி கிடைக்காது, வெளியிலிருந்து யாரும் அதைக் கூப்பிட முடியாது. மாத வாடகைக்கு ஒரு சிறிய மெய்நிகர் சேர்வர், அதாவது ஒரு நிறுவனத்தின் பெரிய கணினியில் ஒரு பங்கு, எடுப்பதே புத்திசாலித்தனம். புரொசொடி என்ற சேர்வர் மென்பொருளுக்கு 512 மெகாபைட் நினைவகம் தாராளம்.

மலைப்பாதையில் பஸ் ஒரு வளைவு திரும்பியதும் சிக்னல் போய்விடும். கைத்தொலைபேசி இணைப்பை இழந்தது சேர்வருக்கு உடனே தெரியாது. அனுப்பியாயிற்று என்று அது நினைக்கும், செய்தி காற்றோடு போகும். இதற்கான மருந்து எக்ஸ்.எம்.பி.பி.யின் 198ஆம் நீட்சி, அதாவது அடிப்படை விதிகளோடு சேர்த்த ஒரு கூடுதல் விதி. இரு பக்கமும் வந்த துண்டுகளை எண்ணி ஒப்புதல் சொல்கின்றன. இணைப்பு மீண்டதும் விட்ட எண்ணிலிருந்து தொடர்கின்றன. சேர்வரில் இதை இயக்கியிருக்கிறார்களா என்று கேட்டுவிட்டே கணக்குத் திறவுங்கள். பழைய செய்திகளைச் சேமிக்கும் 313ஆம் நீட்சியும் அவசியம். அன்ட்ரொயிட்டில் கொன்வர்சேஷன்ஸ், ஐபோனில் மொனல் ஆகிய செயலிகளுக்கு இரண்டும் தெரியும்.

இரகசியத்துக்கு ஓமெமோ என்ற குறியாக்க முறை இருக்கிறது. சேர்வர்காரரும் உள்ளடக்கத்தைப் படிக்க முடியாது. யார் யாருக்கு எப்போது எழுதினார் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சாவி என்பதால், புதுக் கைத்தொலைபேசி வாங்கினால் பழைய செய்திகள் அதில் திறக்காது. பழுதென்று நினைத்துப் பலர் சேர்வர்காரரைத் திட்டுகிறார்கள், பாவம்.

குழு உரையாடலில் எக்ஸ்.எம்.பி.பி.க்கு ஒரு பலவீனம். குழு ஒரே ஒரு சேர்வரில் குடியிருக்கிறது. அது விழுந்தால் எல்லோருக்கும் குழு இல்லை. 2014இல் தொடங்கிய மெட்ரிக்ஸ் என்ற இன்னொரு திறந்த விதிமுறை இதை வேறு விதமாக அணுகியது. அங்கே ஒரு குழுவின் வரலாறு, அதில் உள்ள ஒவ்வொரு சேர்வரிலும் பிரதியாக இருக்கும். மண்சரிவில் கேபிள் அறுந்து பதுளையும் ஹட்டனும் பிரிந்தாலும், சேர்வர் உள்ளூரிலேயே இருந்தால் இரு பக்கமும் தங்களுக்குள் பேசிக்கொண்டிருக்கலாம். இணைப்பு திரும்பியதும் இரண்டு கிளைகளும் ஒன்றாக்கப்படும். இந்த வசதிக்கு விலை இருக்கிறது: பெரிய குழுக்களில் சேர்ந்தால் சினாப்ஸ் என்ற அதன் சேர்வர் நினைவகத்தையும் டிஸ்க்கையும் நன்றாகவே விழுங்கும். முப்பது, நாற்பது பேருள்ள சங்கத்துக்கு எக்ஸ்.எம்.பி.பி.யே போதும் என்பது என் அபிப்பிராயம்.

திறந்த விதிமுறை என்பதால் பெரியவர்கள் கூடவே இருப்பார்கள் என்று நம்ப வேண்டாம். கூகுளின் செய்திச் சேவையான கூகுள் டோக் 2006இல் மற்ற சேர்வர்களோடு பேசத் தொடங்கியது. 2013இல் அதன் இடத்துக்கு வந்த ஹேங்கவுட்ஸ் அப்படிப் பேசவில்லை. வட்ஸ்அப்பே தொடக்கத்தில் ஈஜபர்டி என்ற திறந்த சேர்வரை மாற்றியமைத்து எழுந்ததுதான், வெளியாரோடு மட்டும் பேசாது. ஆகவே கணக்கைச் சொந்த டொமைனில் வையுங்கள். சேர்வரை வாடகைக்கு விடுபவரைப் பிடிக்காவிட்டால் கணக்குகளை இன்னொரு இடத்துக்கு ஏற்றி, டி.என்.எஸ். பதிவை மாற்றினால் போதும்; முகவரி மாறாது.

டொமைனைச் சங்கத்தின் பெயரில் பதியுங்கள், தனி ஆளின் பெயரில் வேண்டாம். வருடாந்தப் புதுப்பிப்பு தவறினால் எல்லோருடைய முகவரியும் ஒரே நாளில் போகும். இலவசச் சான்றிதழ்கள் 90 நாளோ அதற்கும் குறைவாகவோதான் செல்லும். தானாகப் புதுப்பிக்கும்படி வைத்த பிறகும், புதிய சான்றிதழைப் படிக்கும்படி சேர்வருக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பழையதையே காட்டிக்கொண்டிருக்கும், காலாவதியான அன்று வெளியூர் சேர்வர்கள் ஒவ்வொன்றாக இணைப்பை மறுக்கத் தொடங்கும்.

நன்றி, வணக்கம்.