கரண்ட் வைக்கும் ஐந்து வாரங்கள்

அவையில் கூடியிருக்கும் ஒட்டன்சத்திரம் வட்டாரத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுப்பதை நம் ஊர்ப் பெண்கள் "கரண்ட் வைப்பது" என்பார்கள். வாரத்துக்கு ஐந்து நாளாக ஏறத்தாழ ஐந்து வாரம் வைத்து, பிறகு கருப்பை வாய்க்குள்ளேயே வைத்துக் கொடுக்கும் உட்கதிர்வீச்சும் கொடுத்து, எல்லாவற்றையும் எட்டு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். நாள் தள்ளிப்போகப் போக, நோய் அடங்கும் வாய்ப்பும் குறைந்துகொண்டே வரும்.

நம் மருத்துவமனைக்கு வந்த ஓர் அம்மா மஞ்சள் பையிலிருந்து தம் சிகிச்சை அட்டையை எடுத்துக் காட்டினார். மதுரைக்குப் போய்வந்த பதினொரு நாளுக்குப் பதினொரு கையொப்பம். அதற்குக் கீழே வெறும் கட்டங்கள். பயந்து நிறுத்திவிட்டார் என்றே நினைத்தேன். "நான் போனா எம் மகளும் கூட வரணும் கண்ணு. ரெண்டு ஆள் கூலி போச்சுன்னா அடுப்பு எப்படி எரியும்?" என்றார். அவரிடம் மருந்தைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றுமே இருக்கவில்லை.

1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியபோது, இல்லாதவர்க்கும் இந்தச் சிகிச்சை கிடைக்க வேண்டும் என்பதே நோக்கமாக இருந்தது. நமக்குப் பக்கத்திலுள்ள அம்பிளிக்கையின் சமுதாய மருத்துவமனை அதே அடையாறு நிறுவனத்தோடும் பன்னாட்டு ஆய்வாளர்களோடும் சேர்ந்து 2000-ஆம் ஆண்டு முதல் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் செய்த வேலையை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். முப்பது முதல் ஐம்பத்தொன்பது வயது வரையிலான பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர்களே கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்த்தார்கள். வெள்ளைத் திட்டு தெரிந்தால் மேற்பரிசோதனை செய்து, தகுந்தவர்களுக்கு உடனே அந்த இடத்தை உறைய வைத்து அழிக்கும் சிகிச்சையும் கொடுத்தார்கள். இவ்வாறு பெண்களைப் பரிசோதனைக்கு அழைத்த ஊர்களில், அழைக்காத ஊர்களைவிட, இந்நோயால் நேரும் இறப்பு 35 விழுக்காடு குறைந்ததை 2007-இல் வெளியான முடிவுகள் காட்டின. பெரிய இயந்திரம் எதுவும் இல்லாமல், பெண்களின் வாசலுக்கே போனதால் கிடைத்த பலன் அது.

நோய் முற்றிய பிறகும் அந்த வாசலை விட்டு நாம் அகலக் கூடாது என்பதே என் கருத்து. கதிர்வீச்சோடு சேர்த்துக் கொடுக்கும் கீமோ என்னும் மருந்துச் சிகிச்சைக்கு முந்தைய ரத்தப் பரிசோதனையை இங்கேயே எடுத்துக் கொடுக்கலாம். ரயில் கட்டணச் சலுகைப் படிவத்தை நிரப்பித் தரலாம். ஒரு நாள் கரண்ட் வைக்கப் போகவில்லை என்றால், மறுநாள் காலையிலேயே ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டுக் காரணம் கேட்கலாம். நான் இவற்றையும் சிகிச்சை என்றே எண்ணுகிறேன். உதவி என்று தனியே பிரித்து வைக்க மனம் வரவில்லை.

அந்த அம்மா, மதுரையில் தங்க ஓர் இடமும் மகளின் கூலிக்கு ஈடாக ஒரு தொகையும் கிடைத்ததும், மீண்டும் போனார். இடையில் பதினாறு நாள் வீணாகிவிட்டது. அந்தப் பதினாறு நாள் இன்னமும் என்னை உறுத்துகிறது.

காய்கறிச் சந்தை வணிகர்கள் பலர் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். மதுரையில் அரசு மருத்துவமனைக்கு நடந்து போகும் தொலைவில், சமைத்துக்கொள்ள வசதியோடு இரண்டு அறைகள் வேண்டும். ஓராண்டு வாடகையை உங்கள் சங்கம் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.