ஈயக்குண்டு காட்டும் ஆழம்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

நான் திருகோணமலையில் 31 ஆண்டுகள், பல்கலைக்கழக நுழைவுக்கான உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவருக்கு வர்த்தகப் பாடங்களைக் கற்பித்து ஓய்வு பெற்றவன். பெறுபேறுகள் வெளியாகும் வாரத்தில் இப்போதும் என் வீட்டு விறாந்தையில் இரண்டு மூன்று பேராவது வந்து அமர்வார்கள். சில ஆண்டுகளுக்கு முன்னர் தம்பலகாமத்திலிருந்து ஒரு தந்தை தம் மகனை அழைத்து வந்தார். அவர் கையில் கொப்பியிலிருந்து கிழித்த ஒரு தாள் இருந்தது. மகன் 28 வயது வரை என்ன செய்ய வேண்டும் என்பதை அவர் அதில் ஆண்டுவாரியாக எழுதியிருந்தார்: பொறியியற் பீடம், பட்டம், வெளிநாட்டு வேலை, தங்கையின் திருமணம், வீடு. பெறுபேறு வந்த அன்று அந்தத் தாளின் முதல் வரியே பிழையாகிப் போயிற்று. இனி என்ன செய்வது என்று தந்தை கேட்டார். நான் மகனிடம், "தம்பி, வேலைத்தலத்தில் நிற்கும் பொறியியலாளர் ஒருவரை எப்போதாவது பார்த்ததுண்டா?" என்று கேட்டேன். "இல்லை, சேர்" என்றான்.

அந்தப் பிள்ளையை நான் குறை சொல்லவில்லை. நம்முடைய பரீட்சை முறை அவனிடம் அப்படித்தான் நடந்துகொண்டது. சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு, பதினாறு பதினேழு வயதில், அவன் ஒரு பிரிவைத் தெரிந்து மூன்று பாடங்களுக்குள் நுழைந்துவிட வேண்டும். அதன்பின் பிரிவை மாற்றுவது எளிதன்று. பல்கலைக்கழக இடங்களில் பெரும்பாலான பீடங்களுக்கு 40 வீதம் நாடளாவிய திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என வகுக்கப்பட்ட மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் பகிரப்படுகின்றன. திருகோணமலை அந்தப் பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. அப்படியிருந்தும், நாடு முழுவதும் தகுதி பெறுவோருள் பெரும்பான்மையோருக்கு அரச பல்கலைக்கழகங்களில் இடமில்லை என்பதே உண்மை. ஆகவே, இந்த ஒரு வாசலை மட்டும் நம்பி வரையப்படும் திட்டம் பெரும்பாலான வீடுகளில் பிழையாகத்தான் போகிறது.

இதைச் சொன்னால் பெரியவர்கள் உடனே ஒரு பழமொழியை எடுத்து நீட்டுவார்கள்: ஆழம் தெரியாமல் காலை விடாதே. நான் அதை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் ஆழத்தை எப்படித் தெரிந்துகொள்வது? நம் ஊர்க் கடற்றொழிலாளி கரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டு அதைத் தெரிந்துகொள்வதில்லை. கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கி, இத்தனை பாகம் என்று அளக்கிறார். பாய்க்கப்பல் காலத்து மாலுமிகள் இன்னும் ஒரு படி மேலே போய், குண்டின் அடியிலுள்ள குழியில் கொழுப்பைத் தடவி இறக்குவார்கள். அதில் ஒட்டி வருவது மணலா, சேறா, சிப்பியா என்று பார்த்து நங்கூரம் பிடிக்குமா என்பதை முடிவு செய்வார்கள். தொழிலைத் தேடும் இளைஞருக்கு நான் பரிந்துரைக்கும் பரீட்சார்த்தம் இதுதான். தலைகீழாகக் கடலில் குதிக்கச் சொல்லவில்லை. குறைந்த செலவில், குறுகிய காலத்தில், திரும்பி வரக்கூடிய ஒரு கயிற்றை இறக்கிப் பார்க்கச் சொல்கிறேன்.

என் கதையும் ஏறக்குறைய அதுவே. உயிரியற் பிரிவில் இருமுறை தோற்றிச் சரிவராமல், ஓர் ஐஸ் தொழிற்சாலையில் கணக்கெழுதப் போனேன். கணக்கெழுதுவது எனக்கு அலுப்பாகவே இருந்தது. ஆனால் ஐஸ் ஏற்ற வரும் கடற்றொழிலாளர் தங்கள் கடன் புத்தகத்தை நீட்டி, முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று விளங்கப்படுத்தச் சொல்லும்போது எனக்கு நேரம் போவதே தெரிவதில்லை. நான் கற்பிக்கப் பிறந்தவன் என்பதை எந்தச் சோதிடரும் சொல்லவில்லை. உப்பு நீரில் நனைந்து ஊறிய அந்தப் புத்தகங்கள்தான் காட்டித்தந்தன. அதன்பிறகே பாடங்களை மாற்றி மூன்றாம் முறை தோற்றினேன்.

இத்தகைய தற்செயல்களை ஆராய்ந்தவர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோன் குரும்போல்ட்ஸ். 1999ஆம் ஆண்டில் அவர் இரு சகாக்களுடன் எழுதிய கட்டுரை, தற்செயலாக வரும் வாய்ப்பை எதிர்கொள்ள ஆர்வம், விடாமுயற்சி, நெகிழ்வு, நம்பிக்கை, துணிவு ஆகிய ஐந்தும் வேண்டும் என்றது. அவரே கல்லூரியில் எந்தப் பாடத்தைத் தெரிவது என்று திணறி, தம் டெனிஸ் பயிற்றுநரிடம் கேட்டவர். பயிற்றுநர் உளவியல் பேராசிரியராக இருந்தபடியால் உளவியலுக்குப் போனவர்.

நமக்கு அருகிலேயே இன்னொருவர் இருந்தார். கோணேசர் கோயிலடிக் கடலில், 1956ஆம் ஆண்டளவில், பழைய ஆலயத்தின் தூண்களையும் சிற்பங்களையும் நீருக்கடியில் கண்ட சுழியோடிகளுள் ஒருவர் அறிவியற் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். இலண்டனில் ஓய்வூதியக் கணக்குகளைப் பரிசோதிக்கும் எழுதுவினைஞராகத் தொடங்கிய அவர், போர்க்காலத்தில் விமானப்படையில் ராடார் வேலை பார்த்தார்; பூமியைச் சுற்றும் செய்மதிகள் மூலம் உலகெங்கும் ஒலிபரப்பலாம் என்ற கட்டுரையை 1945 ஒக்டோபரில் வெளியிட்டார்; போர் முடிந்த பின்னரே பட்டம் பெற்று, ஓர் அறிவியல் இதழில் உதவி ஆசிரியரானார்; பிறகு முழுநேர எழுத்தாளரானார். விண்வெளியின் எடையற்ற நிலைக்கு அண்மையான அனுபவம் நீருக்கடியில் கிடைக்கிறது என்பதே அவரைச் சுழியோட வைத்தது. அந்தச் சுழியோட்டம் அவரை இலங்கைக்குக் கொண்டுவந்து, வாழ்நாள் முழுவதும் இங்கேயே இருத்திவிட்டது. இப்படிப் பெரியவர்களின் வாழ்க்கையை எடுத்துக்காட்டுவதில் ஒரு வஞ்சகம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்: அலைந்து திரிந்து கரைசேராதவர்களைப் பற்றி எவரும் வானொலியில் பேசுவதில்லை.

பிள்ளை அப்படிக் கரைசேராமல் போய்விடுமோ என்ற அச்சம்தான் நம் பெற்றோரைப் பிடித்து வைத்திருக்கிறது. அதை அறியாமை என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். இடம்பெயர்ந்து, முகாமிலிருந்து, திரும்பி வந்து, 2004 டிசம்பர் 26 அன்று கடலுக்கு மீண்டும் எல்லாவற்றையும் கொடுத்த குடும்பங்கள் நம் கரையோரத்தில் பல. 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது மாதச் சம்பளம் வந்த வீட்டுக்கும் நாட்கூலி வீட்டுக்கும் இருந்த வேறுபாட்டை அவர்கள் கண்ணால் கண்டவர்கள். அப்படிப்பட்ட தாய் தன் பிள்ளைக்கு ஓய்வூதியத்தோடு கூடிய அரசாங்க உத்தியோகம் வேண்டும் என்று கேட்பது முற்றிலும் நியாயம். அதனால்தான், இருக்கிற வேலையை உதறிவிட்டு மனம்போன வழியில் போ என்று மேடைகளில் முழங்குவோரோடு நான் உடன்படுவதில்லை. பரீட்சார்த்தத்தில் எதை இழக்கலாம் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்: இரண்டு வாரம், பஸ் கட்டணம், கொஞ்சம் வெட்கம். அவ்வளவுதான்.

அதற்குரிய காலமும் நம்மிடம் இருக்கிறது. சாதாரண தரப் பரீட்சைக்கும் பெறுபேறுக்கும் இடையில் சில மாதங்கள். உயர்தரம் முடிந்து பல்கலைக்கழகம் திறக்கும்வரை இன்னும் நீண்ட மாதங்கள். இவற்றை நாம் காத்திருக்கும் காலம் என்கிறோம். தம்பலகாமத்துப் பிள்ளை அந்தக் காலத்தில் மூன்று வாரம் படகு என்ஜின் திருத்தும் பட்டறையொன்றில் நின்றான். இரண்டு வாரம் நில அளவையாளர் ஒருவருக்கு வயல்வெளியில் அளவுகோல் பிடித்தான். பார்த்ததை எங்கே எழுதுவது என்று கேட்டபோது, தந்தையின் தாளின் பின்பக்கத்திலேயே எழுதச் சொன்னேன். வேலை பிடித்ததா என்று எழுத வேண்டாம், எந்த மணித்தியாலத்தில் கடிகாரத்தைப் பார்த்தாய், எப்போது பார்க்க மறந்தாய் என்று மட்டும் எழுது என்றேன். பட்டறையில் அவன் நாளுக்குப் பலமுறை கடிகாரம் பார்த்திருந்தான். வயலில் மதியச் சாப்பாட்டையே மறந்திருந்தான். இன்று அவன் நில அளவைத் துறையிலேயே படித்துக்கொண்டு வேலை செய்கிறான்.

எந்தப் பருவத்தில் கயிறு இறக்குகிறோம் என்பதும் முக்கியம். நிலாவெளி விடுதியொன்றில் ஓகஸ்ட் மாதத்தில் வேலை பழகிய ஒரு மாணவி, இதுவே என் தொழில் என்று துள்ளி வந்தாள். வாடைக்காற்று தொடங்கிய பின் நவம்பரிலும் ஒரு வாரம் போய்ப் பார் என்று அனுப்பினேன். அறைகள் பூட்டிக் கிடந்தன, சுற்றுலாப் படகுகள் கரையேற்றப்பட்டிருந்தன, பாதி ஊழியர் வீட்டில் இருந்தனர். அவள் தொழிலைக் கைவிடவில்லை. ஆனால் அந்த வெற்று மாதங்களில் செய்வதற்கென்று கணக்கியலையும் சேர்த்துப் படித்தாள்.

மருத்துவம் போன்ற துறைகளுக்கு இந்த வழி முழுமையாகப் பொருந்தாது. அவற்றுக்குப் பதினாறு வயதிலேயே பாடங்களைத் தெரிந்தாக வேண்டும். ஏனைய பல தொழில்களில் கைப்பழக்கம் வீண்போவதில்லை. பட்டறையில் பழகியவர், முறைப்படி படிக்காவிட்டாலும், முன்பெற்ற திறனை மதிப்பீடு செய்வித்துத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெறலாம். அந்தச் சான்றிதழ் வரிசை டிப்ளோமா வழியாக ஏழாம் மட்டத்தில், அதாவது பட்ட மட்டத்தில், முடிகிறது.

இனி என் வேண்டுகோள் மாணவருக்கன்று. பட்டறை, மருந்தகம், அச்சகம், படகு கட்டும் கொட்டில், கணக்காய்வு அலுவலகம் என எதையேனும் நடத்தும் நேயர்களே, அடுத்த பரீட்சை முடிந்ததும் ஒரு பிள்ளை உங்கள் வாசலில் வந்து, இரண்டு வாரம் நின்று பார்க்கலாமா என்று கேட்கக்கூடும். சம்பளம் கொடுக்க முடியாவிட்டாலும் பஸ் காசும் மதியச் சாப்பாடும் கொடுத்து, அலுப்பான வேலையையும் சேர்த்துக் காட்டுங்கள். நன்றி, வணக்கம்.