காரப்பொடியின் தொண்டையில் ஒரு விளக்கு

[காட்சி: ஜார்ஜ் டவுன், சௌரஸ்தா பசார். மீன் தட்டுகள்.]

வணக்கம். பினாங்கில் மீன் வாங்குகிறவர்களுக்கு இந்தக் குவியல் புதிதல்ல. தெங்கிரி, கெம்போங் மீன்களுக்குப் பக்கத்தில், ஓரமாக, தட்டையாக, வெள்ளி நிறத்தில், சளி வழியக் கிடக்கும். மலாய்க்காரர்கள் இக்கான் கெக்கெக் என்பார்கள். நமக்குக் காரப்பொடி, சில வீடுகளில் காரல். பிள்ளை பெற்றவர்களுக்குச் சாறு வைத்துக் கொடுப்பார்களே, அதே மீன்தான்.

தராசில் போடும்போது எல்லாம் ஒரே மீன். ஆனால் இந்த ஒரு குவியலில் மூன்று, நான்கு இனங்கள் கலந்து கிடக்கலாம். லியோக்னதிடே என்ற இந்தக் குடும்பத்தில் ஏறக்குறைய 50 இனங்கள் உண்டு. இந்தியப் பெருங்கடலிலும் மேற்குப் பசிபிக்கிலும் கரையோரச் சேற்றுத் தரைக்கு மேல், ஆழம் குறைந்த நீரில் கூட்டமாக வாழ்கின்றன. பெரும்பாலானவை 15 சென்டிமீட்டரைத் தாண்டுவதில்லை.

[காட்சி: மீனின் வாயை விரலால் மெதுவாக இழுத்துக் காட்டுதல்.]

முதலில் வாயைப் பாருங்கள். இழுத்தால் குழாய் மாதிரி முன்னால் நீண்டு வரும். வாய் கீழ்நோக்கி நீண்டால், தரையில் புழுக்களையும் பொடி உயிரிகளையும் உறிஞ்சும் வகை. லியோக்னதஸ் என்ற பேரினம் இந்தப் பக்கம். மேல்நோக்கி நீண்டால், நீரில் மிதக்கும் சின்னஞ்சிறு உயிரிகளைப் பிடிக்கும் டெவெக்ஸிமென்டம். பழைய புத்தகங்களில் இது செக்யூட்டர் என்று இருக்கும், குழம்ப வேண்டாம். வாய் நேராக நீண்டு, உள்ளே கூரான கோரைப்பற்கள் தட்டுப்பட்டால் அது காஸா. சின்ன மீன்களையும் இறாலையும் வேட்டையாடும். காரப்பொடிக்குக் கோரைப்பல்லா என்று கேட்கலாம். விரலை விட்டுப் பாருங்கள், தெரியும்.

சரி, வாயை வைத்து இவ்வளவுதான் பிரிக்க முடியும். மீதி விஷயம் தொண்டையில் இருக்கிறது.

[காட்சி: மீனின் உள்ளமைப்பு வரைபடம். உணவுக்குழாயைச் சுற்றி ஒரு வளையம் ஒளிர்கிறது.]

இந்தக் குடும்பத்தில் எல்லா இனங்களுக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும், உணவுக்குழாயைச் சுற்றி ஒரு வளையம் உண்டு. அதற்குள் நுண்குழாய்கள், அந்தக் குழாய்களில் ஃபோட்டோபாக்டீரியம் லியோக்னதி என்ற பாக்டீரியா நெருக்கியடித்துக் குடியிருக்கிறது. நீலப்பச்சை வெளிச்சம் தருவது அதுதான். மீன் குஞ்சு பொரிக்கும்போது இந்தக் குடித்தனம் கிடையாது. பிறகு கடல்நீரிலிருந்துதான் பாக்டீரியா உள்ளே வருகிறது. பெருகி மிஞ்சியது குடல் வழியாக மறுபடியும் கடலுக்கே போகிறது. இதற்கு நெருங்கிய உறவான இன்னொரு பாக்டீரியாவுக்கு மண்டபத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள். ராமேஸ்வரம் போகிற வழியில் வருமே, அந்த மண்டபம். சில காரல்களுக்குள் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

பாக்டீரியா ஓயாமல் ஒளிரும். அதை அணைக்க மீனால் முடியாது, மறைக்கத்தான் முடியும். வளையத்தின் மேல் தசையால் ஆன மூடிகள் இருக்கின்றன. திறந்தால் வெளிச்சம், மூடினால் இருட்டு. பக்கத்திலுள்ள காற்றுப்பை அந்த வெளிச்சத்தைத் திருப்பிவிட, அது வயிற்றுப் பக்கமாகப் பரவுகிறது. கீழேயிருந்து பார்க்கும் எதிரிக்கு மேலே இருக்கிற வெளிச்சத்தில் மீனின் நிழலுருவம் கலைந்து போகும். ஒளிவதற்கே விளக்கு!

அப்புறம் ஆண்களின் கதை. பல இனங்களில் ஆணின் வளையம் பெண்ணுடையதைவிடப் பல மடங்கு பெரியது. ஆணின் உடலில் செதிலும் நிறமும் விலகி, கண்ணாடி போன்ற ஒரு திட்டும் இருக்கும். உள்ளே எரிவது அதன் வழியாக வெளியே தெரியும். ஈக்குலைட்டீஸ் வகை ஆண்கள் இப்படி விட்டுவிட்டு மின்னுவதை ஆய்வாளர்கள் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். கலங்கிய நீரில், ஒரே மாதிரி வெள்ளித் தகடாகத் திரியும் கூட்டத்தில், தன் இனத்தைக் கண்டுபிடிக்க இந்த மின்னல் உதவுகிறது என்பதே இப்போதைய கருத்து. எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது.

[காட்சி: மூன்று மீன்கள் அருகருகே; ஒளித்திட்டுகள் குறியிடப்பட்டு.]

வகைப்பாட்டுக்காரர்கள் இந்தத் திட்டைக் கவனிக்க வெகுகாலம் ஆனது. செங்கடலில் பிடித்த மீனை வைத்து இயற்கையியலாளர் ஃபோர்ஸ்கால் எழுதிய விவரிப்பு 1775இல் வெளிவந்தபோது, அதைக் கானாங்கெளுத்தியின் பேரினத்தில் சேர்த்திருந்தார். பின்னால் தனிக் குடும்பம் ஆனது. அதற்குப் பிறகும் பெரும்பாலான இனங்கள் லியோக்னதஸ் என்ற ஒரே பெயருக்குள்தான் அடைந்து கிடந்தன. 2005இல் ஸ்பார்க்ஸ், டன்லப், ஸ்மித் என்ற ஆய்வாளர்கள் மூவரும் டிஎன்ஏவையும் ஒளியுறுப்பையும் சேர்த்துப் பார்த்தார்கள். திட்டு மார்புத் துடுப்பின் அருகே இருந்தால் ஃபோட்டோபெக்டோராலிஸ். விலாவில் இருந்தால் ஃபோட்டோலேட்டராலிஸ். இது 2015இல் வந்த பெயர். பிடரியில் கரும்புள்ளி இருப்பது நியூக்கெக்யூலா. லியோக்னதஸ் என்று இன்று மிஞ்சியிருப்பவற்றின் ஒளியுறுப்பில் ஆண் பெண் வித்தியாசம் இல்லை. குடும்பத்தையே இப்போது வண்ணத்துப்பூச்சி மீன்களுக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள்.

[காட்சி: படகுத்துறை. கூடைகளில் கலந்த பொடிமீன்.]

படகுத்துறையில் இந்தப் பிரிவினை ஒன்றும் கிடையாது. படகு இழுத்துச் செல்லும் வலையான இழுவைமடியில் வரும் சின்னக் காரல் மற்றப் பொடிமீனோடு சேர்ந்து இக்கான் பாஜா, அதாவது உரமீன் ஆகி, தீவனத்துக்குப் போகிறது. தாய்லாந்து வளைகுடாவில் 1960களில் இழுவைமடி பெருகிய பிறகு வேகமாகக் குறைந்த மீன்களில் இந்தக் குடும்பமும் ஒன்று. கூடையில் இனம் பிரித்து எழுதாத இடத்தில், எந்தக் காரல் குறைகிறது, எது தாக்குப்பிடிக்கிறது என்று கணக்கைப் பார்த்துச் சொல்ல வழியில்லை.

அடுத்த முறை வாங்கும்போது வாயை இழுத்துப் பாருங்கள். மீன் அப்போதுதான் பிடித்ததாக இருந்தால், இரவில் விளக்கை அணைத்துவிட்டுத் தொண்டைப் பக்கம் கீறிப் பாருங்கள். கண் இருட்டுக்குப் பழகியதும் மங்கலான ஒளி தெரியக்கூடும். சமையலறையில் இருப்பவர்களிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.