மவுஸைத் தொடாமல் ஒரு மணி நேரம்

(வெப் டெவலப்பர்களின் புத்தாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நண்பர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

'புத்தாண்டில் ஒரு வெப் டெவலப்பரின் இலக்குகள்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். தலைப்பைப் பார்த்ததும் என் பழைய நோட்டுகளைத் தேடி எடுத்தேன். ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு புது நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் இலக்குகளை எழுதுவேன். இரண்டாம் பக்கம் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும்.

ஒரு வருடம், ஆங்குலர் என்ற ஃப்ரேம்வொர்க்கை (இணையதளம் கட்ட உதவும் ஆயத்தச் சட்டகம்) கற்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். கற்றும் விட்டேன். 2016-இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. பெயர் மட்டும்தான் பழசு, உள்ளே எல்லாம் புதுசு. அடுத்த நோட்டில் ரியாக்ட், அதற்கடுத்ததில் வியூ. அதற்கெல்லாம் முன்னால், ஜேகுவெரி என்ற ஆயத்தக் கோட் தொகுப்பு தெரிந்தால் போதும், பிழைத்துக்கொள்ளலாம் என்றிருந்த காலமும் உண்டு. 2006-இல் வந்த அந்த ஜேகுவெரி இன்னமும் எத்தனையோ தளங்களில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது வேறு கதை. நோட்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. என் இலக்கு என்று நான் எழுதி வைத்ததெல்லாம் யாரோ எதையோ வெளியிட்ட தேதிகளின் பட்டியல்.

ஆகவே இந்த வருடம் முதல் தீர்மானம் இது: புதிதாக எந்த ஃப்ரேம்வொர்க்கையும் இலக்காக எழுதப்போவதில்லை. பின்வரிசையில் சிரிக்கிறீர்கள், தெரிகிறது. வேலைக்கு வேண்டுமென்றால் கற்றுத்தான் ஆக வேண்டும், கற்பேன். அதற்கு நோட்டில் இடம் கிடையாது, அவ்வளவுதான்.

சரி, அப்புறம் எதைத்தான் எழுதுவது? டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வகத்தில் முதல் இணையதளத்தை அமைத்து 1991-இல் உலகத்துக்கு அறிவித்தார். அந்தக் காலத்துப் பக்கத்தின் பிரதியை செர்ன் இன்றும் அதே முகவரியில் வைத்திருக்கிறது. உங்கள் போனில் திறந்து பாருங்கள், திறக்கும். வாசிக்கலாம், இணைப்புகளைத் தட்டலாம். நான் மூன்று வருடம் முன்பு முடித்துக் கொடுத்த ஒரு ப்ராஜெக்டைப் போன மாதம் என் கணினியிலேயே ஓட வைக்க ஒரு நாள் முழுக்கப் போனது. ஒரு பேக்கேஜ், அதாவது பிறர் எழுதி வைத்த ஆயத்தக் கோட், இன்னொன்றைக் கேட்கிறது, அது மூன்றாவது ஒன்றின் பழைய பதிப்பைக் கேட்கிறது. 2016 மார்ச்சில் வெறும் 11 வரி உள்ள 'லெஃப்ட்-பேட்' என்ற பேக்கேஜை அதை எழுதியவர் என்பிஎம் என்ற பொதுக் கிடங்கிலிருந்து எடுத்ததும், உலகம் முழுக்கப் பல ப்ராஜெக்டுகள் பில்ட் ஆகாமல் (ஓடும் வடிவத்துக்கு வராமல்) நின்றன. ஒரு சொல்லின் இடப்பக்கம் இடைவெளி சேர்க்கிற வேலை அது. நாமே எழுதியிருக்கலாம்.

அதனால் நோட்டில் எழுதியது: இணையப் பக்கத்தின் அடிப்படை மொழியான எச்டிஎம்எல்லை மறுபடி படிப்பது. கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. இதற்கு ஒரு காரணம் இருக்கிறது, என் வீட்டிலேயே நடந்தது.

நான் செய்த ஒரு ஃபார்மை அம்மா நிரப்ப வேண்டி வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார். திரையை விரலால் தேய்த்தார். "ஏண்டா, இது எழுத்தா, அழுக்கா?" என்று கேட்டார். வெள்ளைப் பின்னணியில் வெளிர்ச்சாம்பல் எழுத்து. வடிவமைப்பில் அது அழகாகத்தான் இருந்தது. எல்லோரும் பயன்படுத்தும்படி தளம் அமைக்க 2008-இல் வந்த அணுகல்தன்மை வழிகாட்டியிலேயே, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்று சொல்லியாயிற்று. எனக்கும் தெரியும். தெரிந்தேதான் விட்டிருந்தேன்.

அது மட்டுமா? கட்டங்களுக்கு மேலே லேபிள் கிடையாது. கட்டத்துக்குள்ளேயே மங்கலாக 'கைபேசி எண்' என்று இருக்கும், தட்டச்சத் தொடங்கியதும் மறைந்துவிடும். அம்மா நாலு இலக்கம் அடித்துவிட்டு எண்ணைச் சரிபார்க்க டைரியைப் புரட்டினார். திரும்பிப் பார்த்தால் கட்டத்தில் வெறும் நாலு இலக்கம். "இது என்ன கேட்டுச்சுன்னே மறந்துபோச்சுடா" என்றார். லேபிளுக்கு ஒரே ஒரு வரி கோட் போதும். இடத்தை அடைக்கிறது என்று நான் அதை எடுத்திருந்தேன்.

அன்று ராத்திரி இன்னொன்றும் செய்தேன். மவுஸைப் பிடுங்கிவிட்டு, டச்பேடையும் அணைத்துவிட்டு, அதே ஃபார்மை விசைப்பலகையை மட்டும் வைத்து நிரப்பப் பார்த்தேன். டேப் விசையை அழுத்துகிறேன், எங்கே நிற்கிறேன் என்றே தெரியவில்லை. அழுத்த அழுத்த இருட்டில் தடவுவது மாதிரி இருந்தது. யாரோ ஒரு புண்ணியவான், பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸில், எங்கே நிற்கிறோம் என்று காட்டும் ஃபோகஸ் கோட்டை எடுத்துவிட்டிருந்தார், 'அவுட்லைன்: நன்' என்று. கோடில் யார் எதை மாற்றினார் என்று பதிந்து வைக்கும் கிட் வரலாற்றில் அந்த வரியை எழுதியது யார் என்று பார்த்தேன். என் பெயர்தான். கடைசியில் ஒருவழியாக 'சமர்ப்பி' வரை வந்தால், அதில் டேப் நிற்கவே இல்லை. காரணம், அது பட்டனே கிடையாது. ஒரு டிவ்வுக்கு, அதாவது வெறும் பெட்டிக்கு, பட்டன் வேஷம் போட்டிருந்தேன். உண்மையான பட்டனை வைத்திருந்தால் ஃபோகஸ், என்டர், ஸ்பேஸ் மூன்றையும் பிரவுசரே இலவசமாகக் கொடுத்திருக்கும்.

அதனால் இந்த வருடம் வாரம் ஒரு மணி நேரம், நான் செய்கிற தளத்தை மவுஸைத் தொடாமல் பயன்படுத்தப்போகிறேன். என் தொழில் இலக்குகளில் பெரியது இதுதான். மேசை டிராயரில் கிடக்கிற பழைய போனையும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 வினாடிக்குள் வர வேண்டும், தட்டினால் 200 மில்லி வினாடிக்குள் அசைய வேண்டும் என்று கூகுள் வைத்திருக்கிற அளவுகளை என் புது லேப்டாப்பில் சோதித்து மகிழ்வதில் பொருளில்லை.

கோட் எழுதித்தரும் ஏஐ கருவிகளைப் பற்றிக் கேட்பீர்கள். பயன்படுத்துகிறேன். ஒரே நிபந்தனை: பக்கத்தில் இருப்பவருக்கு வாயால் விளக்க முடியாத கோடை என் பெயரில் சேர்க்க மாட்டேன். மேலே சொன்ன வரலாற்றில் என் பெயர் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.

அடுத்து, சொந்த இலக்கு. என்னிடம் ஏழு டொமைன் பெயர்கள் (இணையதள முகவரிகள்) இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நள்ளிரவில் உலகத்தை மாற்றப்போகிறேன் என்று வாங்கியது. வருடா வருடம் கனவுக்கு வாடகை கட்டிக்கொண்டிருக்கிறேன். இந்த முறை ஐந்தைப் புதுப்பிக்கவில்லை. மனசு லேசானது.

இன்னொன்று தூக்கம். இது சொந்தக் கணக்கா, தொழில் கணக்கா என்று எனக்கே குழப்பம். போன வருடம் ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு போன். தளத்தைத் திறந்தால் 'பாதுகாப்பற்றது' என்று வருகிறதாம். தளத்தின் இணைப்பு பாதுகாப்பானது என்று பிரவுசருக்குக் காட்டும் 90 நாள் சான்றிதழ் அது, தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்று அமைத்திருந்தேன். சர்வரை மாற்றியபோது அந்தத் தானியங்கி வேலையை நகர்த்த மறந்துவிட்டேன். தோற்றுப்போனால் எனக்குத் தகவல் வரும்படியும் வைக்கவில்லை. சரிசெய்ய இருபது நிமிடம்தான். ஆனால் தூக்கக் கலக்கத்தில் வேறொரு கோப்பில் கைவைத்துவிட்டேன், விடியும்வரை அதைச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. அதனால் காலாவதிக்குப் பதினைந்து நாள் முன்னால் எச்சரிக்கை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேக்கப்பை உண்மையாகவே மீட்டுப் பார்ப்பது, வெள்ளிக்கிழமை மாலை டெப்லாய் செய்யாதது (புது கோடைத் தளத்தில் ஏற்றாதது), மூன்றையும் சொந்த இலக்குகள் பக்கத்தில்தான் எழுதியிருக்கிறேன்.

கண்ணுக்கு மருத்துவர்கள் சொல்வது உங்களுக்கும் தெரியும்: 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தள்ளி இருப்பதை, 20 வினாடி பார்க்க வேண்டும். நான் வைத்த அலாரம் ஒழுங்காகத்தான் அடிக்கிறது. நான்தான் திரையைப் பார்த்துக்கொண்டே அதை அணைக்கிறேன். இப்போது அலாரம் ஓடும் போனை அறையின் அந்தக் கோடியில் வைத்திருக்கிறேன், எழுந்து போனால்தான் நிற்கும். முதுகுக்கும் நல்லதாம்.

இத்தனைக்கும் மேலே, அட்டையின் உள்பக்கத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறேன்: பத்தரைக்கு லேப்டாப்பை மூட வேண்டும். இப்போது மணி ஒன்பதே முக்கால். வீட்டுக்குப் போக அரை மணி நேரம் ஆகும். கேள்வி இருப்பவர்கள் சீக்கிரம் கையைத் தூக்குங்கள்.