சிவகாமி ஏன் கிளம்பவில்லை?

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு ஒரே ஒரு நாவல். அதிலும் அதன் கதாநாயகி எடுக்கிற ஒரே ஒரு முடிவைப் பற்றித்தான் பேசப்போகிறேன். நாவல், கல்கியின் 'சிவகாமியின் சபதம்'. கடைசிப் பக்கம் வரைக்கும் சொல்லிவிடுவேன். படிக்காதவர்கள் வீடியோவை இங்கேயே நிறுத்திவிட்டுப் புத்தகத்தை முடித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

1944-இல் தொடராக வர ஆரம்பித்த கதை, நான்கு பாகம். மகேந்திர பல்லவர், அவர் மகன் மாமல்லர், சாளுக்கிய மன்னன் புலிகேசி, பல்லவர் தளபதி பரஞ்சோதி எல்லாரும் வரலாற்றில் வாழ்ந்தவர்கள். சிவகாமியும் அவள் அப்பா ஆயனச் சிற்பியும் கல்கியின் கற்பனை. அவள் நாட்டியக்காரி, மாமல்லர் இளவரசர், இரண்டு பேருக்கும் காதல். இதுவரை நமக்குப் பழகிய கதைதான்.

அப்புறம் புலிகேசி அவளைச் சிறைபிடித்துத் தன் தலைநகரான வாதாபிக்குக் கொண்டுபோகிறான். அங்கே ஒரு காட்சி. நாற்சந்தியில், கைகளைக் கட்டிய தமிழ்நாட்டுக் கைதிகள்மேல் சாட்டை விழுகிறது. 'நீ ஆடினால் அடி நிற்கும்' என்கிறார்கள். அவள் ஆடுகிறாள். காஞ்சி அரண்மனையில் அரங்கேறிய கலை அந்நிய ஊரின் தெருப்புழுதியில் ஆடப்படுகிறது. அந்தப் பக்கங்களை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடிந்ததே இல்லை. அந்த அவமானத்தில்தான் சபதம் பிறக்கிறது. வாதாபி எரிகிறவரை இந்த ஊரைவிட்டு வரமாட்டேன் என்கிறாள்.

சரி, சபதம் யார் வேண்டுமானாலும் செய்யலாம். அதற்குப் பிறகு மாமல்லரே மாறுவேடத்தில், உயிரைப் பணயம் வைத்து, அவளைத் தேடி வருகிறார். 'கிளம்பு' என்கிறார். அவள் மறுத்துவிடுகிறாள்!

இதோ, என்னுடைய பிரதியில் அந்த இடத்தைக் காட்டுகிறேன். ஓரத்தில் பென்சிலில் 'போயிருக்கலாமே' என்று எழுதியிருக்கிறேன் பாருங்கள். பதினேழு வயதில் எழுதியது. அன்றைக்கு அவள்மேல் அவ்வளவு கோபம் எனக்கு. பிடிவாதக்காரி, தன் வாழ்க்கையைத் தானே கெடுத்துக்கொண்டாள் என்று நினைத்தேன். இப்போது மறுபடி படித்தபோது அப்படித் தோன்றவில்லை.

அசோகவனத்தை நினைத்துப் பாருங்கள். அனுமன் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றபோது சீதையும் மறுக்கிறாள். என் சொல்லாலேயே உலகத்தைச் சுட்டுவிடுவேன், ஆனால் அது ராமன் வில்லுக்கு மாசு என்கிறாள் கம்பனின் சீதை. அவள் மறுத்தது தூதனை. சிவகாமியிடம் வந்தது தூதன் இல்லை, காதலனே வந்து நிற்கிறான். ராத்திரியோடு ராத்திரியாக அவள் மட்டும் தப்பிவிட்டால், அந்த நாற்சந்தியில் அடிபட்டவர்களுக்கு யார் பதில் சொல்வது? காதலைவிடப் பெரிதாக ஒன்று தன் தலைமேல் இருப்பதாக அவள் நினைக்கிறாள். அப்படி நினைக்கிற உரிமை நம் காதல் கதைகளில் பெரும்பாலும் ஆணுக்குத்தானே இருக்கிறது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 642-இல் நரசிம்மவர்மர், அதாவது நம் மாமல்லர், வாதாபியைப் பிடித்தது வரலாறு. இன்றைய பாதாமியில் ஒரு பாறையில் அவருடைய 13-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. முன்பு புலிகேசி பல்லவ நாட்டின்மேல் படையெடுத்ததற்கான பதிலடி அது. கல்கி அந்தப் போருக்குப் பின்னால் ஒரு நாட்டியக்காரியின் சொல்லைக் கொண்டுபோய் நிறுத்தினார். பேரரசர்கள் அவள் வாக்கைச் சுற்றி நடக்கிறார்கள்.

அதற்கு அவள் கொடுக்கும் விலைதான் நான்காம் பாகம். பாகத்தின் பெயரே 'சிதைந்த கனவு'. காஞ்சிக்குத் திரும்பிய பிறகுதான் மாமல்லருக்குக் கல்யாணமாகிக் குழந்தைகளும் இருப்பது அவளுக்குத் தெரிகிறது. மாமல்லர்மேல் எனக்கு வருத்தம் உண்டு, வெறுப்பு இல்லை. சாகும் தறுவாயில் அவருடைய அப்பா மகேந்திர பல்லவர் கேட்ட வாக்கு அது.

கடைசியில் ஏகாம்பரநாதரையே கணவனாக வரித்துக்கொண்டு சந்நிதியில் ஆடுகிறாள். பாட்டு, அப்பரின் 'முன்னம் அவனுடைய நாமம் கேட்டாள்'. சக்கரவர்த்தி மாமல்லர் ஒரு பக்கம் நின்று கண்ணீரோடு பார்க்கிறார், பிறகு சத்தமில்லாமல் வெளியே போகிறார். அவள் ஆட்டம் நிற்கவில்லை. தெருவில் சாட்டைக்காக ஆடிய அதே கால்கள் இங்கே யாருடைய கட்டளையும் இல்லாமல் ஆடுகின்றன.

வாதாபியில் நீங்கள் இருந்திருந்தால் 'போ' என்று சொல்லியிருப்பீர்களா, 'இரு' என்று சொல்லியிருப்பீர்களா? கீழே எழுதுங்கள். எந்த வயதில் படித்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.